செட்டிநாட்டில் கோயிலும் ஊரும்: யார் யாரை வடிவமைத்தது? (விவாத இழை)

கோட்டையூர்க்காரன் எழுதியது:

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுத் திருமணத்தில் மணமகன் கோயில், மணமகள் கோயில் இரண்டிலிருந்தும் மாலை வந்து சேர்ந்த பிறகுதான் திருப்பூட்டுதல் (தாலி கட்டுதல்) நடைபெறும். மாலை கொடுத்த கோயில் அந்தத் திருமணத்தைத் தன் ஏட்டில் பதிந்துகொள்கிறது. அன்றிலிருந்து அந்த இணையர் ஒரு 'புள்ளி'. கோயில் செலவுக்கான வரி புள்ளிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. குழந்தை இல்லாதவர் பிள்ளை கூட்டிக்கொள்வதென்றாலும் (தத்தெடுப்பதென்றாலும்) தம் கோயிலைச் சேர்ந்த வீட்டிலிருந்துதான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெளியூர் நண்பர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பதும் நகரத்தார் கோயில்கள். ஒன்பதும் சிவன் கோயில்கள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள் என்பதால் அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. சில கோயில்களில் உட்பிரிவுகளும் உண்டு; அங்கே மண உறவுக் கணக்கு அந்தப் பிரிவு வரைக்கும் இறங்கும். இரணியூரும் பிள்ளையார்பட்டியும் தனித்தனிக் கோயில்களாக இருந்தும் சகோதரக் கோயில்களாகக் கருதப்படுவதால் இவ்விரண்டுக்கும் இடையே மணம் இல்லை.

இதைச் சமயம் என்பதா, குல அமைப்பு என்பதா? வழிபடும் தெய்வத்தை வைத்துப் பார்த்தால் ஒன்பதுக்கும் இடையே எந்த வேறுபாடும் இல்லை. தேவாரம் ஓதுகிற, திருநீறு பூசுகிற ஒரே சைவர்கள்தாம் எல்லோரும். ஆனால் யாருக்கு யார் மாமன், யாருக்கு யார் பங்காளி என்பதைக் கோயில்தான் முடிவு செய்கிறது. சமயம் மக்களின் உள்ளத்தில் இருக்கும் நம்பிக்கை, சமூகம் அதற்கு வெளியே இருக்கும் ஏற்பாடு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து பார்த்தால் அந்தப் பிரிவினை அரை நாள்கூடத் தாங்காது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இங்கே சமயம் சமூகத்துக்குள் வேர்விட்டிருப்பது நம்பிக்கையின் வழியாக மட்டும் நடந்ததன்று. ஏட்டில் யார் பெயர் இருக்கிறது, தேர் வடத்தில் யார் கை படுகிறது, கோயில் மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டப்படுகிறது என்கிற உரிமைகளின் வழியாகவே பெரும்பகுதி நடந்திருக்கிறது. ஆகவே சமூகம் மாறும்போது முதலில் உரசல் எழுவதும் அந்த உரிமைகளில்தான்.

நான் சொல்வது ஒரு சமூகத்தாரின் வழக்கம் மட்டும். செட்டிநாடு என்றால் நகரத்தார் வீடுகள் மட்டுமே என்பதுபோல் எழுதப்படுவது எனக்கு வருத்தமளிக்கிறது. நாட்டார், வேளார், ஆதிதிராவிடர், முஸ்லிம், கத்தோலிக்கர் எனப் பலரும் வாழும் பூமி இது. அவரவர் வீட்டு வழக்கத்தை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

கானாடுகாத்தான் பேத்தி எழுதியது:

அண்ணன் புள்ளிக் கணக்கை விளக்கியிருக்கிறார்கள். அந்த ஏட்டில் யார் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண், பிறந்த வீட்டில் புள்ளி ஆவதில்லை. மணமானதும் கணவரின் கோயிலுக்கு உரியவள் ஆகிறாள். துணையை இழந்தவரை அரைப்புள்ளி என்று கணக்கிடும் வழக்கமும் உண்டு. சமூகத்துக்கு வெளியே மணம் செய்துகொண்டவர்களுக்குக் கோயில் மாலை வருவதில்லை. நான் அப்படி மணந்தவள். என் கணவர் வேறு சமூகத்தவர். எங்கள் திருமணம் பதிவு அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது. எந்தக் கோயில் ஏட்டிலும் இல்லை.

ஆனாலும் கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொன்றாம் நாள் வரும் பிள்ளையார் நோன்பை நான் இன்றுவரை விட்டதில்லை. புதுவேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக எடுத்துச் சேர்த்து, இருபத்தோரு இழைகளையும் திரித்துத் திரியாக்கி, இழைமாவில் வைத்து நெய்யில் ஏற்றி, சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே வாயில் போட்டுக்கொள்வதுதான் இழை எடுத்துக்கொள்ளுதல். வீட்டில் மூத்தவர் கொடுக்க, இளையவர்கள் வரிசையாக வந்து பெற்றுக்கொள்வார்கள். அண்டைவீட்டுத் தெலுங்குக் குழந்தைகளும் எங்கள் வீட்டு வரிசையில் வந்து நிற்கிறார்கள், அவர்களுக்கும் கொடுக்கிறேன். இதற்கு எந்த ஏடும் தேவைப்படவில்லை. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வாழும் நகரத்தார் ஒரு மண்டபத்தில் கூடி இழை எடுத்துக்கொள்வதை அண்ணன் அறிவார்கள்.

ஆகவே அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. ஏட்டோடு கட்டுண்ட சமயம் ஒன்று இருக்கிறது. அடுப்படியிலும் சாமி அறையிலும் பெண்கள் காத்து வருகிற சமயம் இன்னொன்று இருக்கிறது. முதலாவது சமூகத்தின் எல்லையைக் காவல் காக்கிறது. இரண்டாவது அந்த எல்லையைக் கடந்து போனவர்களோடும் கூடவே போகிறது. தீட்சை பெறுவதற்குக்கூட ஆண்களுக்குப் பாதரக்குடி மடம், பெண்களுக்குத் துலாவூர் மடம் என்று தனித்தனி வழி வைத்திருந்த சமூகம் இது. பெண்களின் சமயத்துக்குத் தனி வரலாறு உண்டு என்பதை அந்த ஏற்பாடே காட்டுகிறது.

வேளார் வீட்டுப் பிள்ளை எழுதியது:

எங்கள் குடும்பம் நான்கு ஊர்களுக்குப் புரவி, அதாவது மண்குதிரை, செய்து கொடுக்கும் குடும்பம். அய்யனார் கோயில் பூசையும் எங்களுக்கு உரியது. புரவி எடுப்பு என்றால் குதிரை பொம்மையைத் தூக்கிக்கொண்டு போகும் விழா என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதன் தொடக்கம் பிடிமண்ணில் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, கோயில் எல்லையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, வெற்றிலை பாக்கோடு எங்கள் கையில் கொடுத்தால்தான் நாங்கள் குதிரைக்கு மண் பிசைய முடியும். அந்த ஒரு பிடி மண் கொடுக்கப்படவில்லை என்றால் அந்த ஆண்டு புரவி இல்லை.

கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்துப் பதப்படுத்துவோம். நான்கு கால்களையும் குழல்போல் தனித்தனியே எழுப்பி, ஒரு சுற்று காய்ந்த பிறகே அதன்மேல் வயிற்றை ஏற்றுவோம். அவசரப்பட்டால் ஈர மண் தன் கனத்திலேயே உட்கார்ந்துவிடும். கழுத்தும் தலையும் கடைசியில். சுட்டு, வண்ணம் பூசி, ஊர்வலம் புறப்படும் நாளில்தான் கண் திறப்போம். அதுவரை அது மண். கண் திறந்த பிறகு அது அய்யனாரின் வாகனம். அப்போது ஊர் முழுவதும் கும்பிடுகிற அந்தக் குதிரையைச் செய்த எங்கள் ஆட்களுக்கு முற்காலத்தில் நெல்லாகத்தான் கூலி வந்தது.

எங்களுக்கு உரிய ஊர் ஒன்றில் பிடிமண் எந்தக் கரையார் (ஊரின் ஒரு பங்குப் பிரிவினர்) கையால் கொடுப்பது என்று இரு கரையாருக்குள் தகராறு வந்து, பல ஆண்டுகள் புரவியே எடுக்கப்படவில்லை. இரு தரப்பும் தனித்தனியாக எங்களிடம் வந்து, தங்களிடம் மட்டும் மண் வாங்கிக்கொள்ளும்படி கேட்டார்கள். என் தந்தையார் இரண்டு பேரிடமும் வாங்க மறுத்துவிட்டார். "ஊர் கூடிக் கொடுத்தால்தான் அது பிடிமண், ஒருத்தர் கொடுத்தால் வெறும் மண்" என்று சொன்னார். கோட்டையூர் ஐயா உரிமை என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. உரிமை, கொடுப்பவருக்கு மட்டும் உரியதன்று. வாங்க மறுக்கிற இடத்தில் நிற்பவருக்கும் ஒரு பலம் உண்டு. ஊரில் எங்களுக்கு இருந்த பலம் அது ஒன்றுதான்.

தேவகோட்டைப் பக்கத்து ஆசிரியை எழுதியது:

மதிப்புக்குரிய நண்பர்களே, இதுவரை எழுதப்பட்டவை அனைத்தும் உரிமை உள்ளவர்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. உரிமை மறுக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். நான் ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்தவள்.

1930ஆம் ஆண்டில், அப்போதைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் எங்கள் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, சட்டை போடக்கூடாது, முடியைக் கத்தரித்துக்கொள்ளக்கூடாது, வீட்டில் மண்பாண்டத்தைத் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. மீறிய வீடுகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. இவை அரசு அதிகாரியின் நூலிலேயே அச்சேறியவை. இந்தத் தடைகளில் எந்த ஒன்றுக்கும் எந்த ஆகமத்திலும் இடமில்லை. ஆனால் இவற்றைக் காப்பாற்றிய அதே ஊர் அமைப்புதான் கோயில் திருவிழாவையும் நடத்தியது. ஆகவே, திருவிழாவில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட தொலைவும், எங்கள் பாட்டிக்கு மறுக்கப்பட்ட ரவிக்கையும் ஒரே கையால் அளக்கப்பட்டவை.

வேளார் வீட்டுத் தம்பி புரவி எடுப்பைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறார். 1979இல் உஞ்சனையில் அதே புரவி எடுப்பில் எழுந்த உரிமைத் தகராறில் எங்கள் மக்கள் ஐவர் கொல்லப்பட்டார்கள் என்பதையும் இந்த இழையில் பதிவு செய்ய வேண்டியது என் கடமை.

கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயிலின் ஆனித் தேரோட்டம் உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை ஆகிய நான்கு நாட்டாருக்கும் (நாடு என்றால் இங்கே பல ஊர்களின் தொகுதி) முதன்மை உள்ள விழா. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வடம். எங்கள் மக்கள் வடம் பிடிக்க வேண்டும் என்று 1990களின் இறுதியில் குரல் எழுப்பியதிலிருந்து அந்தத் தேர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்ற வழக்கிலும் தேர்நிலையிலுமாக நின்றது. ஓடாமலே கிடந்த பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஜூன் மாதத்தில், உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, பெரும் காவல் ஏற்பாட்டுடன் தேர் ஓடியது. எங்களை வடத்தில் சேர்ப்பதைவிடத் தேரே ஓடாமல் இருப்பது மேல் என்று ஊர் இத்தனை காலம் எண்ணியிருக்கிறது என்றால், வடத்தில் இருப்பது கயிறு மட்டுமா?

நான்கு நாட்டில் ஒருவன் எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் அந்த நாடுகள் ஒன்றில் அம்பலகாரர் (ஊர்த் தலைவர்) குடும்பத்தைச் சேர்ந்தவன். நடந்த கொலைகளுக்கு நியாயம் கற்பிக்க எனக்கு நாக்கு எழாது. அந்தப் பேச்சுக்கு நான் வரவில்லை. மரியாதை என்பது எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன். கண்மாயை வெட்டி, மடை திறந்து, ஊருக்குக் காவல் நின்ற குடும்பங்களுக்குச் இராமநாதபுரத்து மன்னர்களான சேதுபதிகள் காலத்திலும் சிவகங்கைச் சீமை காலத்திலும் அரசு கொடுத்த அடையாளம்தான் பரிவட்டமும் காளாஞ்சியும் (வெற்றிலைத் தட்டு மரியாதை). அன்றைக்கு அது வேலைக்குக் கொடுத்த கூலி. இன்று கண்மாய் அரசிடம், காவல் காவல்துறையிடம் போய்விட்டன. மரியாதை மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. வேலை போன பிறகு மரியாதையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டோம் என்பது என் எண்ணம். எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் சண்டைதான் வருகிறது, ஆனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தேவகோட்டைப் பக்கத்து ஆசிரியை எழுதியது:

தம்பி நேர்மையாக எழுதியதற்கு நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கண்மாய் வெட்டிய கைகளில் எங்கள் கைகளும் உண்டு; மடையில் இறங்கியவர்களும், ஊர்ச் சாவுக்குச் சேதி கொண்டுபோனவர்களும், திருவிழாவுக்குப் பறை கொட்டியவர்களும் நாங்கள்தாம். உழைப்புக்குத்தான் மரியாதை என்றால் மரியாதை பெறுவோர் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

சருகணி வட்டாரத்தான் எழுதியது:

மதம் மாறினால் இந்தக் கட்டு அறுந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக எங்கள் பக்கத்துக் கதையை எழுதுகிறேன். நாங்கள் பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்கள்.

லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் தெ பிரித்தோ, எங்கள் மக்களுக்கு அருளானந்தர், மதுரை மிஷன் என்ற கத்தோலிக்கப் பணித்தளத்துக்கு வந்தபோது காவி உடுத்திப் பண்டார சுவாமியாக வாழ்ந்தார். அந்த மிஷனில் இரண்டு வகைத் துறவிகள் இருந்தார்கள். உயர்சாதியாரிடையே பணியாற்றியவர்கள் பிராமண சந்நியாசிகளைப்போல் வாழ்ந்து, மற்றவர்களோடு வெளிப்படையாகப் புழங்காமல் இருந்தார்கள். பண்டார சுவாமிகள் அனைவரிடமும் போகலாம். அதாவது, புதிய மதம் ஊருக்குள் வரும்போதே சாதி ஒழுங்குக்கு ஏற்ப இரண்டு உடைகளை உடுத்திக்கொண்டுதான் வந்தது.

அவர் ஏன் கொல்லப்பட்டார் என்பதும் இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்தும். மறவர் சீமையின் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றபோது, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க நேர்ந்தது. விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவினர். அரச குடும்பத்தோடு இருந்த மண உறவு அறுந்தது. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை துண்டிக்கப்பட்டது. தடியத்தேவர் எந்தக் கடவுளை வணங்குகிறார் என்பதைவிட, எந்த மணக்கட்டு அறுந்தது என்பதே அங்கே பெரும் சினத்தை மூட்டியது என்று நான் புரிந்துகொள்கிறேன். கோட்டையூர் அண்ணன் சொன்ன கோயில் மாலைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமையை நீங்களே பார்க்கலாம். இன்று ஓரியூரின் செம்மண்ணை எல்லாச் சமயத்தாரும் எடுத்துப் போகிறார்கள்.

எங்கள் சருகணியில் பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தில் தேர் ஓடும். மருது சகோதரர்கள் அந்தக் கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்ததாக ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மாதா கோயில் தேருக்கும் சிவன் கோயில் தேருக்கும் மரம் செதுக்குகிறவர்கள், வடம் திரிக்கிறவர்கள், மேளம் வாசிக்கிறவர்கள் வெவ்வேறு உலகத்தார் இல்லை. அதோடு சேர்ந்து முதல் மரியாதைச் சிக்கலும் உள்ளே வந்துவிட்டது. எங்கள் வட்டாரத்துப் பங்குகளில் திருவிழாவின்போது யாருக்கு முதலில் வெற்றிலை பாக்கு என்பதற்காகச் சண்டை நடந்திருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுந்த ஊர்களும் தமிழகத்தில் உண்டு. அதே நேரத்தில், பங்கின் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள்தாம் பிறகு கோயிலுக்குள் சமமாக உட்கார வேண்டும் என்று கேட்டவர்கள். பிரசங்கத்தால் ஆகாதது பள்ளியால் ஆயிற்று. என் தந்தையார் அப்படிக் கேட்டவர்களில் ஒருவர்.

புதுவயல் ராவுத்தர் மகன் எழுதியது:

எங்கள் பக்கம் வேறு மாதிரியான மாற்றம் நடந்திருக்கிறது. அதற்குக் காரணம் சட்டமோ பள்ளியோ இல்லை, பயணம். என் பாட்டனார் காலத்தில் தர்கா கந்தூரிதான் (தர்காவில் அடங்கிய பெரியவரின் நினைவு விழா) ஊருக்குப் பெரிய விழா. திருமயம் அருகே உள்ள காட்டுபாவா பள்ளிவாசலில் முஸ்லிம்களைப்போலவே இந்துக்களும் நேர்ச்சை செலுத்தி வந்திருக்கிறார்கள். எங்கள் திருமணங்களில் கருகமணி கட்டுவதுண்டு. தாய்மாமன் சீர் இல்லாமல் எந்தக் காரியமும் இல்லை. முறை சொல்லி அழைப்பதிலும் நாங்கள் இந்த மண்ணின் வழக்கத்தில்தான் இருக்கிறோம்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன தலைமுறை திரும்பி வந்தபோது, நேர்ச்சையும் சந்தனக்கூடும் மார்க்கத்தில் இல்லை என்று வாதிட்டது. வரதட்சணையும் மார்க்கத்தில் இல்லை, மணமகன்தான் மணமகளுக்கு மஹர் (மணக்கொடை) கொடுக்க வேண்டும் என்று அதே இளைஞர்கள்தாம் மேடை போட்டுச் சொன்னார்கள். இரண்டும் ஒரே மூட்டையில் வந்தன. வரதட்சணை வாங்காமல் நடந்த திருமணங்களைக் கண்டு என் அத்தா மகிழ்ந்தார். அதே ஆண்டுகளில் கந்தூரிக்கு அடுத்த தெரு இந்துக் குடும்பங்கள் வருவது குறைந்ததைக் கண்டு வேதனைப்பட்டார். எது இழப்பு, எது ஆதாயம் என்று என்னால் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் வெளியூர்ப் பிழைப்பு சமயத்தை மாற்றுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. நகரத்தார் பர்மா போனபோது இதுபோல் நடந்ததா என்று கோட்டையூர் அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

கோட்டையூர்க்காரன் எழுதியது:

நடந்தது தம்பி, ஆனால் திசை வேறு. உங்கள் இளைஞர்கள் போன இடத்திலிருந்து ஒரு சமய நெறியைக் கொண்டுவந்தார்கள். எங்கள் முன்னோர் இங்கிருந்து முருகனின் வேலாயுதத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். சிங்கப்பூர் டேங்க் சாலையில் தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. பினாங்கு, இரங்கூன், மேடான், சைகோன் என்று போன இடமெல்லாம் முருகன் உடன் போனான். கடை வைத்த கிட்டங்கிக்கும் (கடைகள் இருந்த பொதுக்கட்டடம்) கோயிலுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வரவிலிருந்து மகமை (அறத்துக்கு ஒதுக்கும் பங்கு) எடுத்து வைத்துத் தெய்வத்தின் பேரிலேயே கணக்கு எழுதினார்கள். அந்தப் பணம் வட்டிக்கும் ஓடியது. வட்டி நடப்பைப் பேசி முடிவு செய்யும் கூட்டமும் கோயிலில் கூடியது. கோயிலில் ஒப்புக்கொண்டதை மீறியவனுக்குச் சந்தையில் கடன் கிடைக்காது. நீதிமன்றம் இல்லாத ஊரிலும் கடையின் கடைநிலைப் பணியாளான பெட்டியடிப் பையன்வரை நாணயம் தவறாமல் நடந்ததற்கு இந்தக் கட்டும் ஒரு காரணம்.

அங்கே ஈட்டிய பொருள் இங்கே திருப்பணியாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாடல் பெற்ற தலங்கள் பலவற்றைச் செட்டிநாட்டுப் பணம் புதுப்பித்தது. பெருமைப்பட வேண்டிய செயல்தான். ஆனால் பழைய கற்றளிகளை (கற்கோயில்களை)ப் பிரித்துப் புதிதாகக் கட்டியபோது கல்வெட்டுகள் அழிந்ததையும் மறைக்கக்கூடாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் எந்த ஊரார் எந்த விளக்குக்கு எத்தனை ஆடு விட்டார்கள் என்ற செய்தி அந்தக் கல்லோடு போயிற்று. எங்கள் பக்தி மற்றவர்களின் வரலாற்றை அழித்த இடம் அது. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

1930களின் பொருளாதார மந்தமும், அதன்பின் வந்த உலகப் போரும், பர்மா அரசின் நிலச் சட்டங்களும் சேர்ந்து அந்த வரவை முறித்தன. மகமை வற்றியதும் பல ஊர்களில் மண்டகப்படிகள் (திருவிழா நாள் செலவை ஏற்றுச் செய்யும் உபயங்கள்) சுருங்கின. நகரத்தார் மட்டுமே செய்துவந்த சில கட்டளைகளை (கோயில் வழிபாட்டுச் செலவுப் பொறுப்புகளை) வெளிநாட்டிலோ திருப்பூரிலோ ஈட்டும் வேறு சமூகத்தார் ஏற்றுக்கொண்டார்கள். பணம் இடம் மாறியபோது பட்டியலும் மாறியது. முன்பு வெளிப்பிராகாரத்தில் நின்றவர் இன்று கட்டளைதாரர். யாரும் போராடாமலே இது நடந்தது. ஆசிரியை அம்மா எழுதிய கண்டதேவியோடு ஒப்பிட்டால், பணம் கொடுத்து மாற்றக்கூடிய உரிமை வேறு, பிறப்பால் மறுக்கப்பட்ட உரிமை வேறு என்பது விளங்குகிறது.

கானாடுகாத்தான் பேத்தி எழுதியது:

மறுப்புக் குரலும் இந்த மண்ணிலேயே இருந்தது, அண்ணே. காரைக்குடியில் 1917இல் இந்து மதாபிமான சங்கம் தொடங்கப்பட்டது. பாரதியார் 1919இல் அங்கே வந்து சங்கத்தை வாழ்த்திப் பாடினார். சங்கத்தின் பெயரைப் பார்த்தால் பழமை காக்கும் கூட்டம் என்று தோன்றும். ஆனால் அதைச் சுற்றி இருந்த இளைஞர்கள் வீண்செலவையும் பொருந்தாத் திருமணங்களையும் எதிர்த்து எழுதினார்கள். 'குமரன்' இதழை நடத்திய சொ. முருகப்பா, கைம்பெண்ணான மரகதவல்லியாரை மணந்தார். மரகதவல்லியார் காரைக்குடியிலிருந்து 'மாதர் மறுமணம்' என்ற பெயரிலேயே இதழ் நடத்தினார். துணையை இழந்தவளை அரைப்புள்ளியாக எண்ணிய ஊரில் அந்தத் தலைப்பை அச்சில் கோத்த பெண்ணின் துணிவை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

குன்றக்குடி அடிகளாரையும் விட்டுவிடக்கூடாது. 1952இல் குன்றக்குடி ஆதீனத்தின் (சைவ மடத்தின்) தலைமை ஏற்றவர். பெரியாரோடு மேடையில் மாறுபட்டும் நேரில் நட்புக் கொண்டும் வாழ்ந்தவர். மடத்தை விட்டு இறங்கிச் சேரித் தெருவுக்குப் போனார். குன்றக்குடியில் கூட்டுறவும் சிறுதொழிலும் வளரத் திட்டம் வகுத்தார். நாத்திகர் எழுப்பிய கேள்விகளுக்கு ஒரு மடாதிபதி செயலால் பதில் தேடினார் என்றே நான் அதைப் பார்க்கிறேன். பெரியார் இல்லாமல் அந்த அடிகளார் இல்லை என்று சொன்னால் மிகையாகாது.

வேளார் வீட்டுப் பிள்ளை எழுதியது:

ஆசிரியை அக்காவுக்கு ஒரு கேள்வி. 2024இல் தேர் ஓடிய பிறகு ஊரில் அன்றாடப் புழக்கத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா? நீதிமன்றம் சொல்லி ஒரு நாள் வடம் பிடித்தால் மற்ற 364 நாளும் மாறுமா என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம்.

தேவகோட்டைப் பக்கத்து ஆசிரியை எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. தேநீர்க் கடையில் தனிக் குவளை என் இளமையிலேயே போய்விட்டது. அதற்குத் தேர் காரணமில்லை, பேருந்தும் பள்ளிக்கூடமும் காரணம். சுடுகாட்டுப் பாதை இன்னும் பல ஊர்களில் தனிதான். தேர் ஓடியதால் இவை எதுவும் ஒரே நாளில் மாறவில்லை. மாறியது எங்கள் பிள்ளைகளின் கேள்வி. "நாமும் இழுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது, "எந்த வடம் நமக்கு, யார் பெயர் சொல்லி நம்மை அழைப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். ஆட்களை எண்ணிக் காவலர் வரிசையில் விடுவது அனுமதி. ஊர் தன் வாயால் பெயர் சொல்லி அழைப்பது வேறு. உன் தந்தையார் பிடிமண்ணைப் பற்றிச் சொன்னதும் அதைத்தான். அந்த அழைப்பு இன்னும் வரவில்லை.

நாட்டில் ஒருவன் என்று எழுதிய தம்பியிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். அடுத்த திருவிழாவுக்கு உங்கள் நாட்டில் கூட்டம் போடும்போது, எங்கள் தெருவுக்கும் ஓர் ஆள் அனுப்பிச் சொல்லச் சொல்லுங்கள். காவல்துறை வழியாக வேண்டாம்.

நான்கு நாட்டில் ஒருவன் எழுதியது:

கூட்டத்தில் கேட்கிறேன், அம்மா. எங்கள் பெரியப்பா சம்மதிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும்; அவருக்குப் பின்னால் உட்காரும் இளவட்டத்தில் ஏழெட்டுப் பேர் என் பக்கம் பேசுவார்கள். ஆள் அனுப்ப அவர்கள் ஒப்பவில்லை என்றால் நானே உங்கள் தெருவுக்கு வந்து சொல்கிறேன். அது ஊர் அழைப்பு ஆகாது. அதையும் அறிந்தே வருகிறேன்.